ரோட்டில் பிளேன் ஓட்டலாமா?

இன்றைய கேள்வி கேட்பதற்குக் கொஞ்சம் விளையாட்டாத்தான் இருக்கும். ரெண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு சின்ன விமானம் உங்ககிட்ட இருக்குன்னு வெச்சுக்கோங்க. பறக்க வேண்டாம். ரோட்டில் உருட்டிக்கொண்டு மட்டும் போகணும். போகலாமா? போலீஸ்காரர் நிறுத்தினா எந்தச் சட்டத்தைச் சொல்லி நிறுத்துவார்?

இதை ஒருத்தர் நிஜமாவே செய்து பார்த்திருக்கார். மேற்கு ஆஸ்திரேலியாவில் நியூமேன் என்று ஒரு ஊர். பெர்த்திலிருந்து வடக்கே சுமார் 1,200 கிலோமீட்டர். இரும்புச் சுரங்கத்தை நம்பி இருக்கிற சின்ன ஊர். 2014-ல் அங்கே ஒரு மனிதர், இறக்கைகளைக் கழற்றிய ஒரு ரெண்டு சீட் பீச்கிராஃப்ட் விமானத்தை ஊரின் முக்கியத் தெரு வழியா ஓட்டிக்கொண்டு வந்து, ஒரு பப் வாசலில் நிறுத்தினார். பைக் நிறுத்துற மாதிரி. விமானத்தை அப்போதுதான் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோற வழியில்.

போட்டோ உலகம் முழுக்கச் சுற்றியது. எல்லாரும் சிரித்தார்கள். போலீஸ் சிரிக்கவில்லை. ஆனா அவர் மேல் போட்ட வழக்கைக் கவனியுங்க. "விமானத்தை ரோட்டில் ஓட்டினார்" என்பது குற்றச்சாட்டு இல்லை. மற்றவர்களின் உயிருக்கும் பாதுகாப்புக்கும் ஆபத்து உண்டாக்கினார் என்பதுதான் குற்றச்சாட்டு. காரணம், முன்னால் ப்ரொப்பெல்லர் சுற்றிக்கொண்டிருந்தது. அது ஜனங்க நடமாடுற தெரு.

ப்ரொப்பெல்லர் ஏன் சுற்றணும், அவர்தான் பறக்கலையேன்னு கேட்கலாம். இந்த இடத்தை நல்லாப் புரிஞ்சுக்கிட்டா மீதிச் சட்டமெல்லாம் தன்னால புரியும். சாதாரணச் சின்ன விமானத்தில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. இன்ஜின் ப்ரொப்பெல்லரை மட்டும்தான் சுற்றும். அது காற்றைப் பின்னால் தள்ளும், விமானம் முன்னால் நகரும். சக்கரம் சும்மா உருளும், சூட்கேஸ் சக்கரம் மாதிரி. அதனால் தரையில் பத்தடி நகரணும்னாலும் ப்ரொப்பெல்லர் ஓடியே ஆகணும். மெதுவா ஓடும்போதும் நிமிஷத்துக்கு எண்ணூறு, ஆயிரம் சுற்று. அந்த வேகத்தில் அந்தத் தகடு கண்ணுக்கே சரியாத் தெரியாது. விமான நிலையத்தில் வேலை பார்க்கிறவங்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் அது: சுற்றாமல் நின்றாலும் அதன் பக்கத்தில் போகாதே. தெருவில் பந்தை எடுக்க ஓடி வர்ற பையனுக்கு யார் அதைச் சொல்லித்தந்தாங்க?

மற்ற சங்கதிகளும் இருக்கு. பைலட் கையில் கார் ஸ்டீயரிங் மாதிரி ஒண்ணு இருக்குமே, தரையில் அதைத் திருப்பினா இறக்கை ஓரத்துப் பலகைகள்தான் அசையும், வண்டி திரும்பாது. திருப்புவது காலால். பிரேக்கும் காலால்தான், இடது சக்கரத்துக்குத் தனி, வலதுக்குத் தனி. ரிவர்ஸ் கியர் கிடையாது. ஹாரன் கிடையாது. பிரேக் லைட் கிடையாது. இருக்கிற விளக்குகளோ ரோட்டு வழக்கத்துக்கு நேர் எதிர். விமானத்துக்கு இடது இறக்கை நுனியில் சிவப்பு, வலதில் பச்சை, வாலில் வெள்ளை. ராத்திரி ஹைவேயில் முன்னால் வெள்ளை வெளிச்சம் தெரிஞ்சா நாம என்ன நினைப்போம்? எதிரே ஒரு வண்டி வருதுன்னு. இங்கே நமக்கு முன்னால் அதே திசையில் போற ஒரு விமானம்.

அப்புறம் அகலம். உலகத்தில் அதிகமாத் தயாரான சின்ன விமானம் செஸ்னா 172. அதன் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 11 மீட்டர். நம்ம நெடுஞ்சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர். மூணு லேன் சேர்த்தாலும் 10.5 தான். அந்த நியூமேன் மனிதர் இறக்கையைக் கழற்றினதில் ஒரு விவேகம் இருந்ததுன்னு ஒத்துக்கணும்.

சரி, வெளிப்படையா "கூடாது" என்று எழுதி வெச்ச சட்டம் எங்கேயாவது இருக்கா? இருக்கு. கலிஃபோர்னியா மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டுச் சட்டத் தொகுப்பில் 21403-ஆவது பிரிவு. பொதுச் சாலையில் விமானத்தை இறக்குவது, அங்கிருந்து கிளப்புவது, இதோட நிறுத்தாம, சாலையில் விமானத்தை உருட்டிக்கொண்டு போவதும் சட்டவிரோதம்னு அது சொல்லுது. மூணு விலக்கு உண்டு. இன்ஜின் நின்றுபோய் வேறு வழியில்லாமல் இறங்கினால் குற்றமில்லை. பேரிடர் நேரத்தில், அந்தச் சாலைப் போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைப்பு முன்கூட்டியே ஒத்துக்கொண்டால் இறங்கலாம். மூணாவதுதான் சுவாரஸ்யம்: பேரிடரே இல்லாவிட்டாலும், அந்த அமைப்பின் முன் அனுமதி இருந்தால் இறங்கலாம், கிளம்பலாம், உருட்டிக்கொண்டும் போகலாம்.

அதாவது சட்டத்துக்கு விமானத்தின் மேல் கோபம் இல்லை. "இந்தத் தெருவில் இது வரும்னு தெருவில் இருக்கிறவங்களுக்குத் தெரியுமா? தெரு அதுக்குத் தயாரா?" இதுதான் அது கேட்கிற கேள்வி. தயாரான தெரு எப்படி இருக்கும்னு பார்க்கணும்னா அதே கலிஃபோர்னியாவில் கேமரன் பார்க் என்ற இடம் இருக்கு. 1960-களில் உருவான குடியிருப்பு. பக்கத்திலேயே ஓடுபாதை, வீட்டு கராஜில் விமானம். வீட்டிலிருந்து ஓடுபாதை வரைக்கும் தெரு வழியாத்தான் விமானம் போகும், காரும் அதே தெருவில்தான். தெருவின் அகலம் 100 அடி. தெருப் பெயர்ப் பலகையும் தபால் பெட்டியும் இறக்கை இடிக்காதபடி குள்ளமா வெச்சிருக்காங்க. விமானம் வந்தா கார்தான் ஒதுங்கணும். அங்கே குடிபோறவங்களுக்கு இது தெரிஞ்சேதான் குடிபோறாங்க.

இது ஒரு வழி: விமானத்துக்காகத் தெருவை மாற்றுவது. இன்னொரு வழி, தெருவுக்காக விமானத்தை மாற்றுவது. இறக்கையை மடக்கு, ப்ரொப்பெல்லரை நிறுத்து, இன்ஜினைச் சக்கரத்தோட இணை, ஹாரன் வை, சிவப்பு விளக்கு வை. நாம "பறக்கும் கார்"னு சொல்றது பெரும்பாலும் இதைத்தான்.

இதை ஓரளவு ஒழுங்காச் செய்து காட்டினவர் மோல்ட் டெய்லர். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக்காரர். அவருடைய ஏரோகார் 1949-ல் பறந்தது. ரோட்டில் போகும்போது இறக்கையையும் வாலையும் கழற்றி, டிரெய்லர் மாதிரி பின்னால் இழுத்துக்கொண்டு போகலாம். ப்ரொப்பெல்லர் வால் பக்கம் இருந்ததால் அதுவும் கழன்றுவிடும். 1956-ல் அமெரிக்க விமானத் துறை அதுக்கு அதிகாரபூர்வச் சான்றிதழே கொடுத்தது. மொத்தம் ஆறு வண்டிதான் உருவானது என்பது வேற கதை. ஒண்ணு சியாட்டில் விமான மியூசியத்தில் இருக்கு.

டெய்லர் சான்றிதழ் வாங்கின வருஷத்தைக் கவனிக்கணும், 1956. காருக்கான மத்திய பாதுகாப்புச் சட்டம் அமெரிக்காவில் 1966-ல்தான் வந்தது. அவருடைய காலத்தில் கடினமான பரீட்சை ஒண்ணே ஒண்ணு, விமானப் பரீட்சை. அதுக்குப் பிறகு வந்தவங்களுக்கு ரெண்டு. அந்த ரெண்டு பரீட்சையும் ஒண்ணுக்கொண்ணு எதிர்ப்பதமான விடையைக் கேட்கும்.

டெராஃபூகியாவின் கதையில் இது நல்லாத் தெரியும். எம்.ஐ.டி.யில் படிச்ச சிலர் 2006-ல் தொடங்கின கம்பெனி. அவங்களோட வண்டிக்கு டிரான்சிஷன்னு பேர். ரெண்டு சீட். பட்டனை அழுத்தினா இறக்கை மடங்கி, ஒரு கார் நிறுத்தற கராஜுக்குள்ளே போயிடும். ரோட்டில் இன்ஜின் பின் சக்கரத்தைச் சுற்றும், ப்ரொப்பெல்லர் சும்மா இருக்கும். 2009 மார்ச்சில் முதல் முறை பறந்தது.

அவங்க தேர்ந்தெடுத்தது "லைட் ஸ்போர்ட்" என்ற விமான வகை. அதுக்கு லைசென்ஸ் வாங்க இருபது மணி நேரப் பயிற்சி போதும், வழக்கமான தனியார் பைலட் லைசென்ஸுக்குக் குறைந்தது நாற்பது. ஆனா இந்த வகைக்கு அப்போ ஒரு கண்டிஷன் இருந்தது: விமானத்தின் மொத்த எடை, ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 600 கிலோவைத் தாண்டக்கூடாது. இந்தப் பக்கம் கார் சட்டம் என்ன சொல்லுது? பம்பர் வை, ஏர்பேக் வை, மோதினா நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கிற முன்பகுதி வை, ரெண்டு அடுக்குக் கண்ணாடி வை. ஒவ்வொண்ணும் எடை. ரோட்டில் உயிரைக் காப்பாத்தற ஒவ்வொரு கிலோவும் வானத்தில் பாரம்.

அதனால விலக்கு கேட்டாங்க. 2010-ல் விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. சுமார் 50 கிலோ கூடுதலா அனுமதிச்சது, ரோட்டுப் பாதுகாப்புச் சாமான்களுக்காக. மறு வருஷம் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை தன் பங்குக்கு விலக்கு கொடுத்தது. கார்களுக்கான கனமான டயர் வேண்டாம். கண்ணாடிக்குப் பதிலா பாலிகார்பனேட் போட்டுக்கலாம், ஏன்னா கண்ணாடி எடை அதிகம், பறவை மோதி விரிசல் விட்டா பைலட்டுக்குப் பார்வையே மறைஞ்சுடும். நவீன வகை ஏர்பேக் இல்லாமல் சாதாரண ஏர்பேக் போதும். வண்டி வழுக்காமல் தடுக்கிற எலெக்ட்ரானிக் அமைப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 2016-ல் எஃப்.ஏ.ஏ. எடை வரம்பை இன்னும் ஏற்றி சுமார் 816 கிலோ ஆக்கியது. முதலில் சொன்ன 600 எங்கே, இது எங்கே.

இந்த விலக்குகளை நான் ஒரே மாதிரி பார்க்கலை. ஏர்பேக்கும் கண்ணாடியும் உள்ளே உட்கார்ந்திருக்கிறவரைக் காப்பாத்தற விஷயம். அவர் காசு போட்டு வாங்கறார், ரிஸ்க் தெரிஞ்சு வாங்கறார், அது அவருடைய கணக்கு. வழுக்காமல் தடுக்கிற அமைப்பு அப்படி இல்லை. மழையில் வண்டி சறுக்கினா போய் மோதறது பக்கத்து லேனில் போற ஸ்கூட்டரில். அந்த ஸ்கூட்டர்காரர்கிட்ட யாரும் கையெழுத்து வாங்கலை. குறைஞ்ச எண்ணிக்கையில் சில வண்டிகள்தானேன்னு அரசு நினைச்சது, அந்த வாதத்தில் நியாயம் இல்லாம இல்லை. எண்ணிக்கை கூடினா அந்த வாதம் தானாப் போயிடும்.

இன்னொரு வழியும் இருக்கு, அது இன்னும் சாமர்த்தியமானது. நாலு சக்கரத்துக்குப் பதிலா மூணு சக்கரம் வை. அமெரிக்க மத்தியச் சட்டப்படி தரையில் மூணு சக்கரத்துக்கு மேல் இல்லாத வண்டி மோட்டார் சைக்கிள் கணக்கு. மோட்டார் சைக்கிளுக்கு ஏர்பேக் ஏது, மோதல் சோதனை ஏது? 2023 நவம்பரில் முதல் முறை பறந்த சாம்சன் ஸ்விட்ச்பிளேட் மூணு சக்கர வண்டி. நெதர்லாந்தின் பால்-வி லிபர்ட்டியும் மூணு சக்கரம்தான், அதுக்கு 2020-ல் ஐரோப்பாவில் ரோட்டு அனுமதி கிடைச்சு நம்பர் பிளேட்டும் வந்தது. ஒரு சக்கரத்தைக் கழற்றினதும் ஒரு முழுப் புத்தகச் சட்டம் பொருந்தாமல் போகுதுன்னா, அது சட்டத்தில் உள்ள ஓட்டை. வண்டி செய்யறவங்களைக் குறை சொல்ல மாட்டேன், ஓட்டை இருந்தா நுழையத்தான் செய்வாங்க.

இவ்வளவும் வண்டியைத் தயாரிக்கிறதுக்கான சட்டம். ரோட்டில் ஓட்டறதுக்கு அமெரிக்காவில் அனுமதி தரவேண்டியது மாநிலங்கள். நம்பர் பிளேட், ரிஜிஸ்ட்ரேஷன், டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் அவங்க கையில். 2020-ல் நியூ ஹாம்ப்ஷயர் இதுக்குன்னே சட்டம் போட்டது. கார்ட்டூன் பேரை வெச்சு "ஜெட்சன் மசோதா"ன்னு செல்லமாச் சொன்னாங்க. ரோட்டில் ஓடக்கூடிய விமானம் என்று தனி வகை. எஃப்.ஏ.ஏ. தந்த விமானப் பதிவு எண்ணே நம்பர் பிளேட்டா ஏற்கப்படும். முக்கியமான கட்டுப்பாடு ஒண்ணு: பொதுச் சாலையிலிருந்து கிளம்பவோ அதில் இறங்கவோ கூடாது, அவசர நிலை தவிர. 2024-ல் மின்னசோட்டாவும் இதே பாதையில் சட்டம் போட்டது.

டிராஃபிக்கில் மாட்டினா மேலே எழும்பிப் பறக்கலாம்னு விளம்பரப் படங்கள் காட்டுமே, அந்தக் கனவை அனுமதிக்கிற சட்டம் இது இல்லை. விமான நிலையம் வரைக்கும் காரா போ, அங்கிருந்து விமானமாப் போ. எனக்கு இது சரியான கோடுன்னு படுது.

ஆனா இந்தச் சட்டங்கள் அவ்வளவாத் தொடாத ஒரு விஷயம் இருக்கு. என்னை அதிகம் உறுத்தறது அதுதான். மால் பார்க்கிங்கில் உங்க கார் மேல யாரோ லேசா இடிச்சுட்டுப் போயிட்டாங்க. என்ன செய்வோம்? நாலு வார்த்தை திட்டுவோம், சின்னக் கீறல்னா அப்படியே விட்டுடுவோம். அதே இடி ஒரு மடக்கின இறக்கை மேல பட்டிருந்தா? இந்த வண்டிகள் பலதும் கார்பன் ஃபைபரால் செய்தவை. அந்தப் பொருளில் அடிபட்டா வெளியே கோடுகூடத் தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிஞ்சிருக்கலாம். சாதாரண விமானம் ஹேங்கரில் பூட்டி இருக்கும், யாரும் கிட்டப் போகமாட்டாங்க. இது மளிகைக் கடை வாசலில் நிற்கும். அமெரிக்க விதிப்படி விமானம் பறக்கத் தகுதியா இருக்கான்னு முடிவு பண்ணறது பைலட்டோட பொறுப்பு. வருஷத்துக்கு ஒருமுறை மெக்கானிக் பரிசோதனையும் உண்டு. ரெண்டு பரிசோதனைக்கு நடுவில் எத்தனை மால், எத்தனை ஸ்பீட் பிரேக்கர்? கடைசியில் எல்லாம் இருபது மணி நேரப் பயிற்சி எடுத்த ஒருத்தரோட கண்ணை நம்பி நிற்குது. கீழே வீட்டில் தூங்கறவங்களும்.

நம்ம ஊருக்கு வரலாம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் மோட்டார் வாகனம்னா, சாலையில் பயன்படுத்த ஏற்ற, இயந்திரத்தால் ஓடும் வண்டி. அந்த "ஏற்ற" என்ற சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் 1974-லேயே பொருள் சொல்லியிருக்கு, பழைய சட்டத்தின் கீழே, ஒடிசாவில் ஒரு இரும்புச் சுரங்கத்தின் டம்பர் வண்டிகள் பற்றிய போலானி ஓர்ஸ் வழக்கில்: பொருத்தமானது என்று எடுத்துக்கணும். செஸ்னா சாலைக்குப் பொருத்தமானதா? இல்லைன்னுதான் எந்த வக்கீலும் வாதாடுவார். அப்போ அது மோட்டார் வாகனமே இல்லை, ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், ஜாலின்னு கிளம்பிடாதீங்க. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு பொது வழியில் எந்த வாகனத்தையும் ஆபத்தா ஓட்டறதைக் குற்றம்னு சொல்லுது, மோட்டார் வாகனம்னு சொல்லலை. நியூமேன் போலீஸ் போட்ட மாதிரியே, ஆபத்தை வெச்சுத்தான் வழக்கு வரும்.

இறக்கை மடக்கற டிரான்சிஷன் மாதிரி வண்டின்னா கதை வேற. அது சாலைக்குப் பொருத்தமானதுதான், அதனால மோட்டார் வாகனம்தான். ரிஜிஸ்டர் பண்ணாம 39-ஆவது பிரிவுப்படி ஓட்ட முடியாது. ரிஜிஸ்டர் பண்ண புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரி ஒரு சோதனை நிறுவனம் அந்த மாடலைப் பரிசோதித்துச் சான்று தரணும். அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்கணும், மடக்கினா டிரான்சிஷன் சுமார் 2.3 மீட்டர்தான், அந்தப் பரீட்சையில் பாஸ். மேலே பறக்க, 1934 விமானச் சட்டத்துக்குப் பதிலா 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிற பாரதிய வாயுயான் சட்டம், டி.ஜி.சி.ஏ., வி.டி. என்று தொடங்கும் பதிவு எண். ரெண்டு எண்ணில் எதைப் பின்னால் மாட்டணும்னு ஆர்.டி.ஓ. ஆபீஸ் கவுன்டரில் கேட்டுப் பாருங்க. நியூ ஹாம்ப்ஷயர் மாதிரி அதுக்கு விடை எழுதி வெச்ச விதி இங்கே இல்லை.

அதுவரைக்கும் விமானத்தைச் சாலையில் கொண்டுபோக ஒரே வழி, டிரெய்லரில் ஏற்றி சரக்காக் கொண்டுபோறது. அதில் விமானத்துக்கு எந்தச் சட்டமும் இல்லை, லாரிக்குத்தான். இறக்கையைக் கழற்றிடுங்க, அளவு கூடுதலா இருந்தா தனி அனுமதி வாங்குங்க. அப்புறம் வழியில் உள்ள பாலங்களோட உயரத்தையும் அளந்துடுங்க. 2023 டிசம்பரில் பீகார் மோதிஹாரியில் லாரியில் போன ஒரு பழைய விமானம் மேம்பாலத்துக்கு அடியில் மாட்டிக்கிட்டு, ஊரே சுற்றி நின்று செல்ஃபி எடுத்தது. அந்த வீடியோ இன்னும் ஓடிட்டிருக்கு, தேடிப் பாருங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.